செவிட்டுக் காதுப் பக்கத்து வரிசை

என் அக்கா அட்ராக்டா ஒரு சாமியாரைக் கொன்றுவிட்டாள் என்று எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருஷம் பேசினார்கள். அவள் கொல்லவில்லை. ஆனால் அவர் சாகும்போது இருவருக்கும் நடுவில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டின் மரச் சல்லடைதான் இருந்தது, அது உண்மை. நடந்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்து யாருக்கு என்ன லாபம்?

எங்கள் ஊர் ட்ரம்காராவில் வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள் அவள். நான் துணிக்கடையில் நிற்பவள். அப்பா எங்களுக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். அம்மா நாற்பது வயதில், சந்தைக்குப் போகிற வழியில், நடு ரோட்டில் முட்டைக் கூடையோடு விழுந்தாள். சாமியார் சைக்கிளை மிதித்து வந்து சேர்வதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. கூடையில் ஒரு முட்டைகூட உடையவில்லை என்று ஊரே அதிசயப்பட்டது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை அப்பம் இல்லை, சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லை, அம்மா எங்கே போயிருப்பாள் என்று ஒருத்தராவது வாயைத் திறக்கவில்லை. அட்ராக்டாவுக்கு அப்போது பதினேழு. அந்தக் கேள்வியோடுதான் அவள் தூங்கினாள், எழுந்தாள்.

போதாக்குறைக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து அவளுடைய இருதயத்தையும் கெடுத்துவிட்டுப் போனது. "மாடிப்படி மெதுவா ஏறணும், கோபப்படக் கூடாது, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கக் கூடாது," என்றார் டாக்டர். முதல் இரண்டும் அவளுக்குச் சிரமமே இல்லை. மூன்றாவதில்தான் சனியன் பிடித்தது.

ஒன்பது மாதம் விடாமல் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வாங்கினால் சாமியார் இல்லாமல் சாவு வராது என்பது திருஇருதய ஆண்டவர் கொடுத்த வாக்கு. ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அட்ராக்டா மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கோட்டைவிட்டவள். முதல் முறை ஆற்றில் வெள்ளம். இரண்டாம் முறை ஜுரம். மூன்றாம் முறை, ஏழாவது வெள்ளி காலையில் வாய் கொப்பளிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நற்கருணை வாங்குகிறவர் வாயில் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாதே! "ஒரு சொட்டுடி, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "எனக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டுக் கோயிலில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்காம் முறை முப்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கினாள். செப்டம்பரோடு எட்டு முடிந்தது. அக்டோபர் வெள்ளி ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்து வந்தார் டூஹி மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டிய பரம சாது. ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து எங்கள் அடுப்படி மேஜையில் வைத்து, "ஒரு நாவல். டைப் அடிச்சுக் கொடுக்கணும் மிஸ் கெராட்டி. நான் எழுதினதுன்னு தெரிஞ்சா..." என்று நிறுத்தினார். நிறுத்தியதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து நிர்வாகி பங்குச்சாமியார். அவர் ஒரு சொல் சொன்னால் மாஸ்டரும் அவருடைய ஆறு பிள்ளைகளும் நடுத்தெருவில். அட்ராக்டா யாரிடமும் சொல்வதில்லை என்று திருஇருதயப் படத்தின் முன்னால் வாக்குக் கொடுத்தாள்.

நாவலில் தலையான பாவங்கள் ஏழும் ஏழு ஆட்களாகி, டப்ளினில் ஒரு பக்திமிக்க விதவை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். தினமும் மாலையில் அந்த அம்மாள் ஏழு பேரையும் முழந்தாளிட வைத்துச் செபமாலை சொல்ல வைக்கிறாள். சனிக்கிழமை ஏழு பேரையும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். சோம்பல் கடைசியாகத் தொட்டி என்ற மரக் கூண்டுக்குள் போய் முழந்தாளிட்டவன் அப்படியே தூங்கிவிடுகிறான். சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியாரும் தூங்கிவிடுகிறார். ஞாயிறு விடியற்காலை கோயில்பிள்ளை கதவைத் திறந்தால், இருட்டுக்குள்ளிருந்து ஒரு குறட்டை, பதிலுக்கு இன்னொரு குறட்டை. யாரோ புனிதர் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து மன்றாட்டுமாலை சொல்கிறார்கள் என்று நினைத்து அவன் பயபக்தியோடு முழந்தாளிட்டு, ஒவ்வொரு குறட்டைக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பூசைக்கு வந்தவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள்.

அதை டைப் அடிக்கும்போது அட்ராக்டா சிரித்தாள். மூடிய வாயைப் பிய்த்துக்கொண்டு வந்த சிரிப்பு. நான் ஓடிப் போய் அவள் முதுகைத் தட்டினேன், இருதயம் நின்றுவிடுமோ என்று. "நிறுத்துடி, செத்துத் தொலையாதே!" என்றேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறு ஞாயிறு கோயிலில் மெய்யாகவே மன்றாட்டுமாலை சொல்லும்போது, எங்கள் பின்னால் பேக்கரிக்காரர் கிலாய் ஒரு குறட்டை விட்டார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அட்ராக்டா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், பீடத்துக்கு முன்னால், நற்கருணையை ஆராதனைக்கு எடுத்து வைத்திருக்கும்போது. உதவிச்சாமியார் ஹேன்லி திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேவநிந்தை, சாவான பாவம், இதோடு செத்தால் நேரே நரகம் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். சனிக்கிழமை ஹேன்லி சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு இருபத்தாறு வயது, குருமடத்துச் சூடு ஆறாதவர். "அந்தக் காகிதம் எங்க இருக்கு?" "எங்கிட்டதான் ஃபாதர்." "எரிச்சுட்டு வா. அதுவரைக்கும் பாவமன்னிப்பு இல்லை." சல்லடைப் பலகையை அவள் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்திவிட்டார். சாத்திய சத்தம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி இருந்தது. மடத்துக் கோயிலில் ஃபாதர் பொனவெஞ்சர். எழுபத்தைந்து வயது, பெரிய உடம்பு, பழுப்பு அங்கி. அவருக்கு இடது காது சுத்தமாகச் செவிடு, வலது காதில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அதனால் அவருடைய தொட்டிக்கு இடது பக்கத்து வரிசை வாசல்வரை நிற்கும். வலது பக்கத்துப் பெஞ்சில் சின்னப் பிள்ளைகளும், விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களும் மட்டும் உட்காருவார்கள். இடது காதில் என்ன சொன்னாலும் மூன்று அருள்நிறை மந்திரம், அவ்வளவுதான் தண்டனை. "சொல்றது நம்ம கடமை. கேக்கிறது அவர் பாடு," என்பாள் மளிகைக்கடை மிஸஸ் கில்ஃபாயில். அவள் இருபது வருஷமாக இடது பக்கம்.

அட்ராக்டாவுக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. ஆனாலும் வேறு வழி? வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது, விடிந்தால் ஒன்பதாவது வெள்ளி. மடத்துக் கோயிலில் வரிசையில் நின்றோம். அவளுக்குப் பின்னால் மிஸஸ் கில்ஃபாயில், அவளுக்கு அடுத்து நான். உள்ளே போகும்போது அட்ராக்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல் பிடுங்கப் போகிற குழந்தையின் முகம்.

உள்ளே நடந்ததை அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட்டாள். பயத்தில் அவளுக்கு உடம்பு உதறி, சல்லடைப் பலகையே கடகடவென்று ஆடியிருக்கிறது. காது கேட்காவிட்டாலும் ஆட்டம் தெரியுமே.

"யாரும்மா அது, பலகை இந்த ஆட்டம் ஆடுது? குளிரா, பயமா?"

"பயம், ஃபாதர்."

"காதுல ஒண்ணும் விழலையே. இரு, நல்ல காதைக் கொண்டு வரேன்."

இவள் 'வேண்டாம் ஃபாதர்' என்று சொல்வதற்குள் அந்தப் பெரிய உடம்பு நாற்காலி கிறீச்சிட முழுசாகத் திரும்பி, வலது காதைச் சல்லடையில் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷத்தில் இடது பக்கத்துக்காரர் யாருக்கும் நடக்காத விபரீதம். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், மாஸ்டர் பெயரைத் தவிர.

"எரிக்கச் சொன்னாங்களா? உன்னோட காகிதமா அது?"

"இல்ல ஃபாதர். இன்னொருத்தர் நம்பிக் கொடுத்தது."

"அப்புறம் எப்படி எரிப்பே? அது திருட்டுல சேரும். சரி, கோயில்ல சிரிக்கிற அளவுக்கு அதுல என்னதான் இருக்கு?"

"சொன்னா அது ஒரு பாவம் ஆயிடாதா?"

"கேக்காம நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது? சொல்லு."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். சிரிக்க வைக்கிற கதையை இவ்வளவு துக்கத்தோடு உலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே எங்களுக்கு முதலில் கோழி கொக்கரிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது பெரிதாகி, தொட்டியே குலுங்க, கோயில் முழுக்க எதிரொலித்தது. வரிசையில் எல்லாரும் வாயைப் பிளந்து நின்றோம். "இவர் சிரிக்கிறாரா அழுறாராடி?" என்று மிஸஸ் கில்ஃபாயில் என்னைக் கேட்டாள்.

உள்ளே அவர், "கோயில்பிள்ளையும்... ஐயோ, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று திணறிக்கொண்டு, "போதும் போதும், நீ மனஸ்தாப மந்திரம் சொல்லு," என்று கையைத் தூக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, செய்த பாவத்துக்கு வருந்தும் அந்த மந்திரத்தைத் தொடங்கினாள். அவர் அந்தப் பக்கம் லத்தீனில் மன்னிப்பு வார்த்தைகளைத் தொடங்கினார். வழக்கம்போல இரண்டு குரலும் ஒன்றாகப் போயின. நடுவில் எங்கேயோ அவர் குரல் நின்றது. எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரியாது. தன் குரலைத்தானே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்? 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அந்தக் காது சல்லடையில் அழுந்திக் கிடந்தது, கட்டம் கட்டமாகச் சதை பிதுங்கி.

"ஃபாதர்?" என்றாள். "ஃபாதர்?"

எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், சாகிறவர் காதில் மனஸ்தாப மந்திரம் சொல்ல வேண்டும், காதுதான் கடைசியில் அடங்கும் என்று. அவள் கத்தவில்லை, ஓடவில்லை. சல்லடையில் வாயை வைத்து, இந்த முறை அவருக்காக, அவருடைய நல்ல காதில் மந்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். ஒரு சொல் விடாமல், நிதானமாக. தனக்கு வேண்டியது கிடைத்ததா என்று தெரியாதவள் அவருக்கு வேண்டியதைக் கொடுத்தாள்.

வெளியே மிஸஸ் கில்ஃபாயில் பொறுமையிழந்து கதவைத் தட்டினாள். "என்னடி, பத்து வருஷத்துச் சரக்கா? எங்களுக்கும் கொஞ்சம் இடம் விடு!" கதவைத் திறந்துகொண்டு அட்ராக்டா சுண்ணாம்பாய் வெளுத்து நின்றாள். "ஃபாதர் பேச மாட்டேங்கிறார்," என்றாள்.

மடத்துச் சாமியார்கள் ஓடிவந்து உடம்பு சூடாக இருக்கும்போதே எண்ணெய் பூசிவிட்டார்கள். அவர் கரையேறிவிட்டார். அந்தரத்தில் தொங்கியது அட்ராக்டாதான். வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே மார்க்கெட் சதுக்கம் முழுக்கச் சேதி போய்விட்டது. "கெராட்டி வீட்டு மூத்தவ ஒரு பாவத்தைச் சொன்னாளாம், கேட்ட சாமியாருக்கு உசிரே போயிடுச்சாம்." என்ன பாவமாக இருக்கும் என்பதுதான் அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு.

"அவர் முழுசாச் சொன்னாரா?" என்று நான் கேட்டேன்.

"கை எழும்பிச்சு. வார்த்தை முடிஞ்சுதான்னு தெரியல."

"அப்ப நாளைக்கு?"

மன்னிப்புக் கிடைக்காமல் நற்கருணை வாங்கினால் தேவதுரோகம், அதற்கு நரகம். வாங்காவிட்டால் ஒன்பதும் போச்சு, அம்மாவைப்போல் நடு ரோட்டில் சாவு. மடத்தில் சாவு விழுந்ததால் அங்கே வழியில்லை; காலையில் பூசைக்கு முன் பங்குக்கோயில் தொட்டியில் இருக்கப்போவது ஹேன்லி சாமியார் ஒருவர்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காகிதக் கட்டை எடுத்து அடுப்புக்குக் கொண்டுபோனேன். "எரிச்சுடறேன். காலைல போய் எரிச்சாச்சுன்னு சொல்லு. உன் ஆத்துமாவைவிட அந்தாளோட கதை பெரிசா?" அவள் பாய்ந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அது என்னோடதில்ல. திருட்டுன்னு அவரே சொன்னார். இதைக் கேட்டுத்தான் அவர் செத்தார். இதையும் எரிச்சுட்டா அவர் எதுக்குச் செத்தார்?" அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அடுப்பை மூடினேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிப் பூசைக்குப் பங்குக்கோயிலில் அவ்வளவு கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வராது. எல்லாரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், பார்த்தது எங்கள் பெஞ்சை. மணி அடித்ததும் நற்கருணை வாங்கப் பீடத்தின் முன் உள்ள கிராதிக்கு வரிசை வரிசையாகப் போனார்கள். அட்ராக்டா எழவில்லை. மிஸஸ் கில்ஃபாயில் திரும்பி வரும்போது நாக்கில் அப்பத்தோடு எங்களை ஒரு பார்வை பார்த்தாள், பார்த்தாயா நான் சொல்லவில்லையா என்பதுபோல. கடைசி ஆள் முழந்தாளிட்டபோது பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. அக்கா நடந்துகொண்டிருந்தாள். கனமான ஷூ, கோயிலில் வேறு சத்தமே இல்லை.

கிராதியில் அவள் முகத்தை நிமிர்த்தியபோது ஹேன்லி சாமியாரின் கை அந்தரத்தில் நின்றது. தான் மன்னிப்பு மறுத்தவள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தொட்டிக்குள் கேட்டதை வைத்து வெளியே ஒரு விரலைக்கூட அசைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நின்ற கை இறங்கி, அப்பத்தை அவள் நாக்கில் வைத்தது. இடிவிழும் என்று நான் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கூரையைப் பார்த்தேன்.

இடி விழவில்லை. ஆனால் பயம் அன்றைக்கு அவளுக்குள் குடிவந்ததுதான். வேறொரு சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லித் தொலையேன் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! "சொன்னா கதையைக் கேப்பார். கேட்டாச் சிரிப்பார். இன்னொருத்தரையும் சாகடிக்கச் சொல்றியா?" என்பாள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவசங்கீர்த்தனம் செய்தாள், ஒவ்வொரு முறையும் அந்த ஒன்றை மட்டும் விழுங்கினாள். மறைத்துச் செய்ததால் அதுவும் செல்லாது என்று அவள் கணக்கு. இருபத்திரண்டு வருஷம் பாவத்தின்மேல் பாவம் அடுக்கிக்கொண்டு, மாடிப்படியை மெதுவாக ஏறினாள்.

ஊர் சும்மா இருக்குமா? கல்யாணப் பேச்சு ஒன்று வந்ததும் நின்றுபோனது. பப் வாசலில் நிற்கிற தடியன்கள், "அட்ராக்டா, என் காதுலயும் ஒண்ணு சொல்லேன், சாகத் தயார்!" என்பார்கள். டூஹி மாஸ்டருடைய நாவல் வேறு பெயரில் லண்டனில் அச்சாகி, இங்கே நாலு மாதத்தில் தடையாகி, எங்கள் ஊரில் ஒருவரும் படிக்காமலே போயிற்று. அவர் ஓய்வு பெறும்வரை ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். வழியில் பார்த்தால் தொப்பியைத் தூக்குவார். இவளைக் காப்பாற்ற ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை. ஆறு பிள்ளைகள் என்று அட்ராக்டா அவருக்காக வாதாடுவாள். என்னால் முடியவில்லை, அவருடைய அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில், ஒரு மத்தியானம், ஆபீசிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் தலையை ஆட்டினார். நான் கோட்டுகூடப் போடாமல் மடத்துக்கு ஓடினேன். மழை. ஓடும்போதெல்லாம் என் கண்ணுக்குள் முட்டைக் கூடை. புதிதாக வந்த சின்னச் சாமியார் ஃபாதர் கோல்மன்தான் இருந்தார். எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். உயிர் இருந்தது. நாங்கள் படியேறும்போது அவள் கண்ணைத் திறந்து, அங்கியைப் பார்த்து மிரண்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் படியில் முழந்தாளிட்டேன். மிஸஸ் கில்ஃபாயில் எனக்குக் கீழ்ப்படியில், கிழவியாகி, செபமாலையோடு. எத்தனை நேரம் போயிற்றோ, செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லி முடித்திருப்போம். அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம். முதலில் கோழி கொக்கரிப்பதுபோல. பிறகு அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நான் முதலில் பார்த்தது அக்காவை அல்ல, சாமியாரைத்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து அட்ராக்டா, மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இருக்காரா?"

"இருக்கார்க்கா."

"ஃபாதர்," என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிப்பு வார்த்தையை முழுசாச் சொல்லிட்டீங்களா? பாதியில நிக்கலையே?"

"அதை முதல்லயே சொல்லி முடிச்சுட்டேம்மா," என்றார். "அப்புறம்தான் கதையைக் கேட்டேன்."

நாலு மணிக்கு அட்ராக்டா போனாள். அவளுடைய காதில் மந்திரத்தை நான் சொன்னேன்.

இறங்கி வரும்போது மிஸஸ் கில்ஃபாயில் என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள். "போனவ போயிட்டா. இப்பவாவது சொல்லுடி. பொனவெஞ்சர் சாமியார்கிட்ட அவ என்ன பாவத்தைச் சொன்னா?"

"சிரிச்சா," என்றேன்.

"அது சரி. அதுக்குமேல?"

"அவ்வளவுதான். சிரிச்சா."

கிழவி நம்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தாள்.